ஜன்னலில் ஒவ்வொருவராகக் கூப்பிடாதே

தம்பி,

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழும்பிவிட்டேன். முதல் தடவை ஒரு குழந்தை அழுதது. இரண்டாவது தடவை அழுத மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை ஒன்றுமே அழவில்லை; நான்தான் சும்மா எழும்பி ஏணைகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். பிள்ளைக் காம்பராவில் பதினொரு சேலை ஏணைகள் தொங்குகின்றன, பதினொன்றும் தூங்குகின்றன. தாய்மார் கொழுந்து நிறுத்துவிட்டுப் பால் கொடுக்க வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். ரெங்கம்மா இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிப் போகிறாள். அவள் கையில்தான் இது வருகிறது. ஆயம்மா என்ற பெயரில் எனக்குச் சம்பளம் கொடுப்பது குழந்தைகளை ஆட்டுவதற்கு. இன்றைக்கு என்னைத்தான் யாராவது ஆட்டித் தூங்கவைக்க வேண்டும் போலிருக்கிறது.

போன ஞாயிறு நீ வீட்டுக்கு வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. கருவாட்டுக் குழம்பை நீ தொடாமல் வைத்த நாள் அதுதான் முதல். உன் அப்பா கோயில் பக்கம் போன பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அம்மா, ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க." உங்கள் தோட்டத்துத் தேயிலை பாக்டரியை மூடப் போகிறார்கள். இனிமேல் கொழுந்து லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். பாக்டரியில் வேலை செய்யும் இருபத்தாறு பேரை நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொருவராக ஆபீஸ் ஜன்னலுக்குக் கூப்பிட்டு, சுயவிருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆபீஸ் கிளாக்கராக அந்தத் தாளை டைப் அடித்தவன் நீ. கூப்பிடப் போகிறவனும் நீ.

"அப்பிடி நிறுத்தலாமாடா?" என்று கேட்டேன். "தொழிலாளி எழுத்தில சம்மதிக்கணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர்கிட்ட அனுமதி எடுக்கணும். சட்டம் அப்பிடித்தாம்மா. அங்க போனா விசாரணை, யூனியன்காரங்க, எல்லாரையும் கூப்பிட்டுப் பேசணும். அதுதான் தொரை சம்மதத்த வாங்குன்னு சொல்றாரு. இதுக்கு ஆட்குறைப்புன்னு பேரு" என்றாய். பெரிய றகரத்துக்குப் பதில் சின்ன ரகரம் போட்டு ஆட்குரைப்பு என்று எழுதினால் ஜன்னலில் நடக்கப் போவதற்குப் பொருத்தமாக இருக்கும் என்று சொன்னேன். நீ சிரிக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் ஒரு மட்டமான பகிடிக்குக்கூடச் சிரிக்கவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

நேற்று ரெங்கம்மா வந்தாள். உங்கள் பாக்டரியில் தேயிலை சலிக்கிறவள். இந்தத் தோட்டத்தில் பிறந்து உங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். தன் தம்பி பிள்ளைக்குக் காது குத்து என்று வந்தவள், என்னைப் பார்க்காமல் போவாளா? உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "அக்கா, ஒங்க மகன் ஏதாச்சும் சொன்னாரா? எங்கள ஜன்னலுக்குக் கூப்பிடப் போறாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. என் பேரு இருக்காம், இல்லையாம், ஒண்ணும் வெளங்கல." நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். மூன்று கரண்டி சீனி போட்டேன், பிறகு போட்டேனா என்று மறந்து இன்னும் மூன்று கரண்டி போட்டேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அக்கா, இவ்வளவு இனிப்பா ஊத்துறீங்கன்னா ஏதோ கசப்பு இருக்கு" என்றாள். நான் வேறு தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனேன். ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்று உனக்குத் தெரியும்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் அப்பாவுக்குக்கூட முழுதாகச் சொல்லாதது.

எனக்கு அப்போது பதினேழு வயது. இதே தோட்டம், கீழ்க்கணக்கு லயத்து வரிசை வீடு. என் வாய்க்கு இரண்டு மலை தள்ளியும் பெயர் இருந்தது. தினமும் காலையில் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற அந்தக் களத்தில், எங்கள் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் "உஹும்" என்று ஒரு கனைப்பு கனைப்பார். நான் அவருக்குக் கனைக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் சின்னப் பிள்ளைகள் வரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பின்னேரம் பெண்கள் எல்லாம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வரிசையாக நிற்கும்போது நான் துணி துவைக்கிற கல்லில் ஏறி நின்று அவர் மாதிரியே பெரட்டு நடத்துவேன். ஒருத்திக்குத் துரை வீட்டு நாய்க்குச் சடை பின்னும் வேலை, இன்னொருத்திக்கு மூடுபனியைக் கூடையில் அள்ளி நிறுக்கும் வேலை. என்னுடையது புரட்டுப் பெரட்டு. அதைக் கேட்பதற்காகவே வாளி நிறைந்த பிறகும் போகாமல் நிற்பார்கள்.

அந்த வருஷம் பெரிய துரை கீழ் மலையைக் கைவிட முடிவு செய்தார். தேயிலை கிழடாகிவிட்டது, விளைச்சல் இல்லை. ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று காற்றில் பேச்சு வந்தது. ஆனால் பெரட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரையும் கூட்டி, இதுதான் நிலைமை, என்ன செய்யலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஜன்னல் திறந்தது. ஆபீஸ் ஜன்னல், நம் ஆட்கள் வெளியே நின்று உள்ளே இருப்பவரோடு பேசுகிற ஜன்னல். தினம் இரண்டு பேர், மூன்று பேர். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரே பேச்சு: "ஒன்னய நிறுத்துவோம்னு சொல்லல. ஆனா நீயா எழுதிக் குடுத்தா, பிள்ளைங்க பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் லயக் காம்பராவில இருக்கலாம். நாங்களா நிறுத்துனா அன்னைக்கே காலி பண்ணணும். யோசி. யாருகிட்டயும் பேசாத, பேசினா இந்த வசதி போயிரும்." போனவர் எல்லாம் வாயைப் பூட்டிக்கொண்டு திரும்பினார்கள். தனக்கு மட்டும்தான் இந்த வசதி என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அப்பா, மாமா, சித்தப்பா எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நடந்தார்கள். லயத்தில் யாரும் பேசாததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊர் ஊமையானால் நான் என்ன செய்வேன்? வாயைத் திறந்தேன்.

அந்த வாரம் எனக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. மலை ஏற முடியாததால் ஆபீஸ் கூட்டுகிற வேலைக்குப் போட்டிருந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். ஒரு பின்னேரம் கல்லில் ஏறி நின்று கனைத்தேன்.

"உஹும்! எல்லாரும் கவனமாக் கேளுங்க. நாளையிலேர்ந்து வேலை இல்லாத ஆளுங்க பேர வாசிக்கப் போறேன். மொத பேரு, எங்கப்பன். காரணம், கொறட்ட. பங்களா வரைக்கும் கேட்டு தொரைக்குத் தூக்கம் போயிருச்சாம்!"

பீலிக்கரை சிரித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தது.

"ரெண்டாவது, மூக்காயி அத்தை. காரணம், கொழுந்து கிள்ளுறத விட வெத்தில கிள்ளுறது கூட!"

"அடியே, ஒன் நாக்க மொதல்ல கவ்வாத்து வெட்டணும்டி!" என்று மூக்காயி அத்தை வாளித் தண்ணீரை என்மேல் தெளித்தார்.

"மூணாவது, செல்லையா மாமா..."

செல்லையா மாமா என் கூட்டாளி பாக்கியத்தின் அப்பா. தோட்டத்திலேயே கவ்வாத்துக் கத்தி பிடிக்க அவரை மிஞ்ச ஆள் இல்லை. தேயிலைச் செடியைச் சாமிக்கு முடியிறக்குவது மாதிரி பக்குவமாக வெட்டுவார். தண்ணீர் பிடிக்க வந்து பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவரை அப்போதுதான் பார்த்தேன், பார்த்ததும் பெயர் வாயில் வந்துவிட்டது. ஆனால் பகிடி வரவில்லை. அந்த மனிதரிடம் கேலி செய்ய ஒன்றுமே இல்லை. எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் கனைத்துவிட்டுச் சொன்னேன்: "காரணம் எழுதல மாமா. பேரு மட்டுந்தான் இருக்கு."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் கல்லிலிருந்து இறங்கிப் போகும்போது லயத்து முனையில் செல்லையா மாமா என்னை மறித்தார். அன்று காலையில்தான் அவரையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. "புள்ள, நீ ஆபீஸ் கூட்டப் போறவ. நெசமாவே பாத்தியா?" என்று கேட்டார். தம்பி, இந்த இடத்தில்தான் நான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். இல்லை மாமா, சும்மா என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு போதும். ஆனால் வேஷத்தைப் பாதியில் கலைக்க மனம் வரவில்லை. பெரிய மனிதர் ஒருவர் என் முன்னால் குரலைத் தாழ்த்திக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. "பாக்காமலா சொல்லுவேன்?" என்றேன்.

மறுநாள் காலையில் அவராகவே ஜன்னலுக்குப் போய்ப் பெருவிரலை வைத்துவிட்டார். செல்லையாவே போய்விட்டார் என்றால் நாம் எந்த மூலைக்கு என்று மற்றவர்களும் போனார்கள். நான்கு நாளில் ஒன்பது குடும்பம். ஒவ்வொருவரும் தனியாகப் போய், தனியாக வைத்து, தனியாகத் திரும்பினார்கள்.

முதல் நாளே நான் நொண்டிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். அது பகிடி, மாமாவின் தாளைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். உள்ளே இருந்த கிளாக்கர், உன் வேலையில் அப்போது இருந்த மனிதர், பேனையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "அவரு விரும்பித்தானே போறாரு. இதுல ஒனக்கென்ன?" செல்லையா மாமாவிடம் போய்க் காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, "எம்மேல எரக்கப்பட்டு இப்பத்தான் நீ பொய் சொல்ற புள்ள. அழுவாத" என்றார். பொய்யை நம்பினார், உண்மையை நம்பவில்லை. தவறு அவருடையது இல்லை. உண்மையை எல்லாரும் சேர்ந்து கேட்கிற ஓர் இடம் இருந்திருந்தால் என் பொய்க்கு அங்கே நிற்க இடம் இருந்திருக்காது.

அவர்கள் வன்னிப் பக்கம் போனார்கள். பாக்கியம் லொறியில் ஏறி, சுருட்டிய பாயின்மேல் உட்கார்ந்துகொண்டு, "ஏதாச்சும் சொல்லுடி, சிரிக்கிற மாதிரி" என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கல்லில் ஏறவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் என் குற்றத்தோடு மட்டும் நான் கிடந்திருப்பேன். நீ பிறந்த வருஷம், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு லுணுகலை பசாரில் நிற்கிறேன், முஸ்லிம் நாநாவின் தேத்தண்ணிக் கடையில் கனைக்கப்பிள்ளை இருக்கிறார். வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார், கனைப்பு மட்டும் ஓயவில்லை. உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். அவராகவே சொன்னார்: "உஹும். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தத் தடவ பட்டியல்னு ஒண்ணு ஆபீசில இருக்கவே இல்ல புள்ள. தொரை இருபது பேருன்னு ஒரு எண்ணிக்கதான் சொன்னாரு. யாரு தானா வாராங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒன்னோடதுதான் ஒரே பட்டியல்."

நீ என் இடுப்பிலிருந்து வழுக்கினாய். பிடித்துக்கொண்டேன்.

"அதவிடக் கேளு. மேல் லயத்தில ஏழு குடும்பம் இந்தியாவுக்குப் போக ஏற்கனவே எழுதிக் குடுத்துட்டுக் கடதாசிக்காகக் காத்துக்கிட்டு இருந்திச்சு. இன்னும் ரெண்டு கெழவன்மாரு எப்படா மகன்கிட்டப் போய் ஒக்காரலாம்னு இருந்தாங்க. அவங்க போனாலே இருபது முடிஞ்சிருக்கும். ஒருத்தரையும் தள்ளியிருக்க வேணாம்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?" என்று கத்தினேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னய யாரு கேட்டா?" என்றார்.

இதோ மறுபடியும் எழும்பிவிட்டேன். மூன்றாவது ஏணையில் கிடப்பது விழித்துக்கொண்டு காலை ஆட்டுகிறது, அழவில்லை. அதை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் மன்னித்துக்கொள். தம்பி, பாக்டரியை மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெசினுக்கு வயதாகும், மலைக்கும் வயதாகும், எனக்கே ஆகிறது. மூடுவதற்கு முன்னால், முடிவு கெட்டியாவதற்கு முன்னால், இருபத்தாறு பேரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட்டி, ஏன் இந்த நிலைமை, எத்தனை பேர், எப்போது, வேறு வழி உண்டா என்று கேட்க வேண்டும் என்கிறேன். கேட்பது என்றால் தலையாட்டச் சொல்வது இல்லை. அவர்கள் சொல்வதைக் கொண்டு கணக்கை மாற்ற ஆயத்தமாக இருப்பது. யாருக்குப் பென்சன் வயது நெருங்குகிறது, யார் மலை வேலைக்குப் போகச் சம்மதிப்பார், யார் லொறியோடு அந்தப் பக்கத்துப் பாக்டரிக்கே நடந்து போவார் என்று உன் ரெஜிஸ்டரில் இல்லை. அது அவர்களிடம் இருக்கிறது, துண்டு துண்டாக, ஆளுக்குக் கொஞ்சம். ஒன்றாக உட்காரும்போதுதான் அது ஒரு முழு ஆளாக எழும்பி நிற்கும். தனித்தனியாக ஜன்னலில் நிற்கும்போது பயம் மட்டும்தான் நிற்கும்.

நீ டைப் அடித்த அந்தத் தாள் இருக்கிறதே, சுயவிருப்பத்தின் பேரில் விலகல். அதில் சுயமும் இல்லை, விருப்பமும் இல்லை. விலகல் மட்டும்தான் இருக்கிறது. சட்டம் சம்மதம் கேட்பது தொழிலாளிக்குக் காவலாக. அதே சம்மதத்தை ஆள் தனியாக இருக்கும்போது பிடுங்கினால் அது காவலையே களவுக்கு ஏணியாக்குகிற வேலை. உன் துரை நல்லவரோ கெட்டவரோ எனக்குத் தெரியாது. ஆனால் ஜன்னலுக்குள் இருந்து பேனையை வைக்காமல் பேசிய அந்தக் கிளாக்கரின் முகம் எனக்கு இன்னும் தெரியும். அந்த முகத்தில் உன் மூக்கு இருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். நானும் பயப்படுகிறேன். நம் லயத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் ஆள் நீ. அந்த நாற்காலிக்காக உன் அப்பா விற்ற மாட்டின் பெயரைக்கூட நான் மறக்கவில்லை. ஆனாலும் துரையிடம் போய்ச் சொல்: எல்லாரையும் யூனியன்காரரோடு வைத்துப் பேசினால், ஆணையாளரிடம் போனாலும் தலைநிமிர்ந்து போகலாம் என்று சொல். பயந்துகொண்டே சொல். பயம் போன பிறகு சொல்லலாம் என்று இருந்தால் பென்சன் எடுத்த பிறகுதான் சொல்வாய், தேத்தண்ணிக் கடையில், கனைத்துக்கொண்டு.

இன்னொரு பாவமும் என் கணக்கில் இருக்கிறது, அது உனக்கே தெரிந்தது. பதினொரு வயதில் உன்னைப் பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதை நினைத்துப் பார். நானும் அப்பாவும் ஒரு மாதமாகக் குசுகுசுவென்று பேசி, பெட்டி வாங்கி, சட்டை தைத்து எல்லாம் செய்தோம். உன்னிடம் பஸ் ஏறிய பிறகுதான் சொன்னோம். பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் நீ பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றாய். மரக்கறி மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்பா அதட்டினார், நான் பகிடி விட்டேன், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் நீயாகவே எழும்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "கேட்டிருந்தா நானே வாரேன்னு சொல்லியிருப்பேன்லம்மா."

அதே வார்த்தையை இருபத்தாறு பேர் உன்னிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்.

கீழே தாய்மாரின் குரல் கேட்கிறது, நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதே என்றாய். அன்றைக்கு நான் பொய்யைப் பெயரோடு சொன்னேன். இன்றைக்கு எனக்கு ஒரு பெயரும் தெரியாது. நீ காட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை. தெரிந்த உண்மை முழுவதும் இந்தத் தாள்களில் இருக்கிறது. இவற்றை மடித்துப் போட உறையை எடுத்து வைத்தேன். பிறகு பசையைத் தேடினேன். பசை அலமாரியிலேயே இருந்தது. எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்; உறை ஒட்டாமலே வரும்.

ரெங்கம்மாவுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். வாசித்தாயா என்று அவளிடம் கேட்காதே. என்மேல் கோபம் இருந்தால் அடுத்த ஞாயிறு வந்து காட்டு, குழம்பு வைத்துத் தருகிறேன். ஆனால் கடிதத்தைக் கொடுக்க அவள் வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுக் கதவைத் திற. உட்காரச் சொல். உங்கள் ஆபீசில் மூன்று நாற்காலிதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். அது போதாது, தம்பி. பாக்டரியிலிருந்து பெஞ்சிகளை எடுத்துப் போடு. அவள் தனியாக வரமாட்டாள்.

உன் அம்மா